கண்ணாடி உடையட்டும், ஆனால் எப்படி?

அரிக்கேன் விளக்கை ஏற்றிப் பழகிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள். எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் சிம்னியில் ஒரு மழைத்துளி தெறித்தால் என்ன ஆகும்? 'சட்' என்று கீறிவிடும் என்பார்கள். யாரும் தட்டவில்லை, கீழேயும் விழவில்லை. ஒரு சொட்டு நீர்தான் பட்டது. பிறகு ஏன் உடைந்தது?

துளி பட்ட இடம் திடீரெனக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. சுற்றியுள்ள பகுதியோ இன்னும் சூடாக விரிந்தே இருக்கிறது, சுருங்க விடவில்லை. ஆகவே குளிர்ந்த இடம் நாலாபுறமும் இழுக்கப்படுகிறது. கண்ணாடிக்கு ஆகாதது இந்த இழுவிசைதான். அமுக்கினால் கண்ணாடி மிக அதிகமாகத் தாங்கும். இழுத்தால் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும்.

இதற்குக் காரணம் சொன்னவர் கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1920-இல் வெளியான அவருடைய ஆய்வு இன்றும் பாடமாக இருக்கிறது. பளபளவென்று தெரியும் கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் ஏராளமாக உள்ளன. இழுக்கும்போது ஒவ்வொரு கீறலும் வாய் திறக்கிறது. விசை முழுவதும் அந்தக் கீறலின் கூர்முனையில் குவிகிறது. ஏதாவது ஒரு கீறல் ஓட ஆரம்பித்துவிட்டால் பிறகு நிற்பதில்லை. அமுக்கும்போது அதே கீறல்கள் வாயை மூடிக்கொள்கின்றன, தீங்கில்லை.

அப்படியானால் கண்ணாடியின் மேற்பரப்பை எப்போதும் அமுக்கத்திலேயே வைத்திருக்க வழி உண்டா? உண்டு. அதற்கான விளையாட்டுப் பொருள் ஒன்று 1660-களிலேயே இங்கிலாந்தின் அரச சபையில் காட்டப்பட்டது. உருகிய கண்ணாடியைச் சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த நீரில் விடுவார்கள். வால் முளைத்த துளிகளாக அது உறையும். 'ரூபர்ட் இளவரசரின் துளிகள்' என்று அவற்றுக்குப் பெயர். துளியின் தலையைச் சுத்தியால் அடித்தாலும் உடையாது. வாலை மட்டும் லேசாக ஒடித்தால் துளி முழுவதும் தூளாகச் சிதறிவிடும்! நீரில் பட்ட வெளிப்புறம் முதலில் உறைந்துவிடுகிறது. உள்ளே இருப்பது மெல்லக் குளிர்ந்து சுருங்கும்போது வெளிப்புறத்தை உள்நோக்கி இழுத்து அமுக்குகிறது. மேலே அமுக்கம், உள்ளே இழுப்பு என இரண்டும் சரிசமமாக நிற்கின்றன. அந்தச் சமநிலை ஓரிடத்தில் கெட்டால் எங்கும் கெடும்.

இன்று கண்ணாடிக் கடைக்காரர் 'டஃபன்டு' என்று சொல்லும் வன்கண்ணாடி இந்தத் துளியின் பேரப்பிள்ளைதான். கண்ணாடித் தகட்டைச் சுமார் 620 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றுத் தாரைகளை வேகமாக வீசிக் குளிர்விக்கிறார்கள். அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட இது நான்கு ஐந்து மடங்கு வலிமையானது. ஆனால் அதன் பெருமை வலிமையில் மட்டும் இல்லை. உடையும்போது கத்தி போன்ற நீண்ட சில்லுகளாக உடையாமல், கற்கண்டு போன்ற சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடுகிறது. 4 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகட்டை உடைத்தால், 5 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகளாவது விழவேண்டும் என்பது ஐரோப்பிய விதி. துண்டு சிறிதாக இருக்க இருக்கக் காயம் சிறிது. பேருந்தின் பக்கக் கண்ணாடி நொறுங்கிச் சாலையில் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது.

மற்றொரு பாதுகாப்புக் கண்ணாடியின் கதை வேறு. 1903-இல் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வகத்தில் ஒரு குடுவை பலகையிலிருந்து தவறி விழுந்தது. அது உடைந்தது; ஆனால் உதிரவில்லை. குடுவையில் முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து, உள்ளே மெல்லிய தோலாகப் படிந்து, சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. அவர் அதை மறக்கவில்லை. 1909-இல் காப்புரிமை பெற்றார். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டினால் அதுவே அடுக்குக் கண்ணாடி. இப்போது பெரும்பாலும் பாலிவினைல் பியூட்டிரல் என்ற படலத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு படலத்தின் தடிமன் 0.38 மில்லிமீட்டர்தான்; தேவைக்கேற்ப இரண்டு மூன்றாக அடுக்குவார்கள். கார், பேருந்து ஆகியவற்றின் முன்கண்ணாடி இந்த வகை. கல் பட்டால் சிலந்திவலை போல் விரிசல் ஓடும். ஆனால் கண்ணாடி அதே இடத்தில் நிற்கும்.

ஆக, பாதுகாப்புக் கண்ணாடி என்றால் உடையாத கண்ணாடி என்று பொருள் அல்ல. அது எப்படி உடைகிறது என்பதே கேள்வி. பரிசோதனையும் அப்படித்தான் நடக்கிறது. ஈயக் குண்டுகள் நிரப்பிய சுமார் 45 கிலோ எடையுள்ள தோல்பையைக் கயிற்றில் கட்டி, ஊஞ்சல்போல் இழுத்துக் கண்ணாடியின் மேல் விடுகிறார்கள். 45 கிலோ என்பது ஏறத்தாழ உங்களில் ஒருவரின் எடை! ஓடிவந்து மோதும் ஒரு சிறுவனின் இடத்தில் அந்தப் பை இருக்கிறது. சிறிய உயரத்திலிருந்து தொடங்கி, தேவையான வகைக்கு 1.2 மீட்டர் உயரம் வரை விடுவார்கள். கண்ணாடி உடையாவிட்டால் தேறியது. உடைந்தாலும் தேறலாம். வன்கண்ணாடி என்றால் துண்டுகள் சிறியனவாக இருக்க வேண்டும். அடுக்குக் கண்ணாடி என்றால் 76 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்து நுழையும் அளவுக்குக் கிழியக் கூடாது. அதாவது உள்ளே புகுந்த கை அறுபடக் கூடாது.

எங்கெல்லாம் வேண்டும்?

ஒரு வீட்டில் எல்லா இடத்துக்கும் இந்தக் கண்ணாடி தேவையில்லை. மனித உடல் மோதக்கூடிய இடங்களை எண்ணிப் பாருங்கள்: கதவு, கதவை ஒட்டிய பக்கப் பலகம், தரைக்கு அருகே தொடங்கும் ஜன்னல், வழுக்கும் குளியலறை, மாடிப்படிக் கைப்பிடிச் சுவர், தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூரை. பிரிட்டனில் கதவுகளிலும் அவற்றின் பக்கப் பலகங்களிலும் தரையிலிருந்து 1.5 மீட்டர் வரையிலும், மற்றச் சுவர்களில் 80 செ.மீ. வரையிலும் ஆபத்துப் பகுதி என்று வகுத்திருக்கிறார்கள். நடப்பவரின் தலையும் தோளும் முதல் அளவு. தவழும், விளையாடும் குழந்தை இரண்டாவது அளவு. இந்தியாவிலும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இல் கண்ணாடிக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கட்டடங்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடியின் தரத்தை ஐ.எஸ். 2553 என்ற தரநூல் வகுக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி அந்தத் தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு விற்கப்பட வேண்டும் என்று 2020-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. விதி இருப்பது வேறு; உங்கள் தெருவில் கட்டடம் கட்டும் மேஸ்திரிக்கு அது தெரிந்திருப்பது வேறு.

இராமேசுவரத்தையே எடுத்துக்கொள்வோம். அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு யாத்திரிகர்கள் ஈரத் துணியோடு விடுதிக்குத் திரும்புகிறார்கள். கால் ஈரம், தரை வழுவழுப்பான ஓடு, எதிரே துடைத்து வைத்த கண்ணாடிக் கதவு. வெளியே கண் கூசும் வெயில் வேறு. கதவு இருப்பதே தெரியாமல் மோதிக்கொள்பவர்கள் உண்டு. சாதாரணக் கண்ணாடி என்றால் அந்த நேரத்தில் நீட்டிய கை கத்திமுனைகளுக்குள் புகுந்து, மணிக்கட்டின் இரத்தக்குழாய் அறுபடும். வன்கண்ணாடி என்றால் சிராய்ப்போடு போகும். கண் மட்டத்தில் ஒரு பட்டை வண்ணத்தாளையோ கோலத்தையோ ஒட்டிவைத்தால் மோதவே வேண்டியதில்லை. பத்து ரூபாய்த் தாள் செய்யும் வேலையை ஆயிரக்கணக்கான ரூபாய்க் கண்ணாடி செய்யாது.

கம்பிவலை பதித்த கண்ணாடியைப் பார்த்து இது உறுதியானது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. நெருப்பின் சூட்டில் வெடித்தாலும் உதிராமல் நிற்பதற்காக வந்தது அது. மோதலுக்கு, அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட அது வலிமை குறைந்ததே. உடைந்தால் கம்பியும் சேர்ந்து கிழிக்கும்.

கடற்கரையின் கணக்கு

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். பாம்பன், மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை போன்ற ஊர்களில் இன்னொருவரும் கண்ணாடியில் வந்து மோதுகிறார்: காற்று.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து அங்கே சென்ற பயணிகள் இரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் மூழ்கியது. இன்று தனுஷ்கோடியில் பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயச் சுவர்கள் கூரையின்றி நிற்பதைப் பார்க்கலாம். அங்கே பெரும் அழிவைச் செய்தது பொங்கி வந்த கடல். காற்று மட்டும் என்ன செய்யும் என்பதைத் தனியே காட்டியது வேறோர் ஊர். சரியாகப் பத்து ஆண்டுகளும் சில நாட்களும் கழித்து, 1974 டிசம்பர் 25 அதிகாலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 'டிரேசி' புயல் தாக்கியது. விமான நிலையத்துக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் காட்டிவிட்டுப் பழுதாகி நின்றது. 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின. பின்னர் பொறியாளர்கள் வீடுவீடாக ஆராய்ந்தபோது ஒரு தொடர் நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் தென்பட்டது. பறந்துவந்த பொருள் ஜன்னலை உடைக்கிறது, காற்று உள்ளே புகுகிறது, கூரை பறக்கிறது.

ஜன்னல் உடைவதற்கும் கூரை பறப்பதற்கும் என்ன தொடர்பு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் அழுத்தம் ½ρv² என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ. ஆகவே வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். காற்று விசைக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 875 மதுரைக்கு வினாடிக்கு 39 மீட்டரும், சென்னைக்கு 50 மீட்டரும் அடிப்படை வேகமாகக் கொடுக்கிறது. நம் கணக்குக்கு 50 என்றே வைப்போம். மணிக்கு 180 கிலோமீட்டர். 50-இன் வர்க்கம் 2500. அழுத்தம் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். 1.2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள ஜன்னலின் மேல் 2700 நியூட்டன், அதாவது 275 கிலோ எடை சாய்ந்ததற்குச் சமம். காற்று மட்டும்தான் என்றால், தக்க தடிமனுள்ள கண்ணாடி இதைத் தாங்கிவிடும். ஆனால் புயற்காற்று வெறுங்கையோடு வருவதில்லை. ஓடு, தகரம், பனைமட்டை, விளம்பரப் பலகை என்று வாரிக்கொண்டு வருகிறது.

இப்போது அறைக்குள் போவோம். ஜன்னல்கள் மூடியிருக்கும்போது அறைக்குள் ஏற்படும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் 0.2 பங்குதான் என்று அதே தரநூல் சொல்கிறது. காற்று மோதும் பக்கம் பெரிய திறப்பு ஏற்பட்டுவிட்டால் அது 0.7 பங்காகிறது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, கூரை 12 சதுர மீட்டர். மூடிய நிலையில் கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும் விசை 3600 நியூட்டன். ஏறத்தாழ 370 கிலோ. ஜன்னல் உடைந்தபின் 12,600 நியூட்டன். ஏறத்தாழ 1285 கிலோ! வெளியே கூரையின் மேல் ஓடும் காற்று தூக்கும் விசை இதில் சேரவில்லை, அது தனி. சிமெண்டு அட்டைக் கூரையோ சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோதான். அந்த அறைக்கு 180 கிலோ. மீதியை ஆணியும் கொக்கியும்தான் பிடித்திருக்க வேண்டும். உப்புக் காற்றில் அவை எந்த நிலையில் இருக்கும் என்பது இக்கரையில் வாழும் உங்களுக்கே தெரியும். காங்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ வரும், அது அசையாது. எனவே அட்டைக் கூரையும் தகரக் கூரையும் போட்ட பள்ளிகள், மண்டபங்கள், மாடிக் கொட்டகைகள் ஆகியவற்றின் கவலைதான் இது.

ஒரு காலணிப் பெட்டியால் இதை நீங்களே பார்க்கலாம். பெட்டியின் குறுகிய பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். மூடிக்குப் பதிலாக மெல்லிய அட்டை ஒன்றை அதன் மேல் வைத்து, மின்விசிறிக்கு நேரே நிறுத்துங்கள். முதலில் ஜன்னலைத் தாள் ஒட்டி மூடிப் பாருங்கள். பிறகு திறந்து பாருங்கள். விசிறியைப் பெட்டிக்கு அருகே மெல்லமெல்லக் கொண்டுவந்தால் எப்போது அட்டை எழும்புகிறது என்ற வேறுபாடு புரியும்.

இங்கேதான் இரண்டு பாதுகாப்புக் கண்ணாடிகளும் பிரிகின்றன. ஈரக் காலோடு ஓடிவரும் சிறுவனுக்கு வன்கண்ணாடி நல்ல நண்பன். ஆனால் புயலில் பறந்துவந்த ஓடு பட்டால் அது முழுவதுமாக உதிர்ந்து, ஜன்னல் அளவுக்கு ஒரு திறப்பை விட்டுவிடும். யாருக்கும் காயமில்லை, கூரைதான் இல்லை! அடுக்குக் கண்ணாடி விரிசல் விட்டாலும் சட்டத்தில் நின்று காற்றைத் தடுக்கும். 1992 ஆகஸ்டில் 'ஆண்ட்ரூ' புயல் அமெரிக்காவின் புளோரிடாவைச் சூறையாடியபின், மயாமி பகுதியில் கொண்டுவந்த சோதனை இதைத்தான் கேட்கிறது. சுமார் 4.1 கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஜன்னலின்மேல் எய்கிறார்கள். அதன்பின் காற்று ஏறி இறங்குவதுபோல் 9000 தடவை அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறார்கள். விரிசல் விடலாம்; வழி விடக் கூடாது.

அடுக்குக் கண்ணாடியிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு தகடுகளும் வன்கண்ணாடியாக இருந்து, இரண்டும் நொறுங்கிவிட்டால், முழுப் பலகமும் ஈரத் துணிபோல் துவண்டு சட்டத்திலிருந்து நழுவலாம். ஆகவே ஓரங்களைச் சிலிக்கோன் பசையால் சட்டத்தோடு நன்றாகப் பிணைக்க வேண்டும். சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். கண்ணாடிக்குச் செலவழித்துவிட்டுத் திருகில் மிச்சம் பிடிப்பவர்களே இங்கு அதிகம்.

உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு செய்தி. ஐ.எஸ். 875-இன் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், கிழக்குக் கடற்கரையை ஒட்டிய 60 கிலோமீட்டர் அகலப் பட்டையில் மருத்துவமனை, புயல் காப்பகம், பள்ளி ஆகியவற்றுக்குக் காற்றின் வேகத்தை 1.3 மடங்காக எடுத்துக் கணக்கிடச் சொல்கிறது. இராமநாதபுரம் நகரமும் இந்தப் பட்டைக்குள் அடங்கும். 50 மீட்டர் 65 ஆகிறது. அழுத்தம் 1500 நியூட்டனிலிருந்து 2535 ஆகிறது. புயல் நாளில் ஊரே வந்து தங்கும் இடம் பள்ளிக்கூடம் என்பதுதான் காரணம். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு, என் எண்ணத்தில், கண்ணாடியைவிட நம் பழைய வீடுகளின் பலகைக் கதவு ஜன்னலே மேல். வெளிச்சத்துக்குக் கண்ணாடி வேண்டுமென்றால் வெளியே ஒரு பலகைக் கதவும் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாப் பக்கமும் சாத்திவிட வேண்டும். பின்பக்கம்தானே என்று ஒன்றைத் திறந்து வைக்கக் கூடாது. புயலின் கண் கடந்தபின் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும். பின்பக்கம் அப்போது முன்பக்கமாகிவிடும்.

புயலுக்கு முன் கண்ணாடியின் குறுக்கே பெருக்கல் குறிபோல் ஒட்டுநாடா ஒட்டுகிறார்கள். அது கண்ணாடிக்கு வலிமை தராது. துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இன்னும் பெரிய துண்டுகளாக விழச் செய்யும் அபாயமும் உண்டு. அந்த நேரத்தில் இரண்டு பலகைகளை அடித்துவிடலாம்.

வாங்கும்போது எப்படி அறிவது? வன்கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை இருக்கும். துருவமூட்டிய வெயில்கண்ணாடி வழியே, வானத்தின் பிரதிபலிப்பு அதில் விழும்போது பார்த்தால் புள்ளிகளோ பட்டைகளோ தெரியும்; காற்றுத் தாரைகள் விட்டுச்சென்ற தழும்புகள் அவை. அடுக்குக் கண்ணாடியை ஓரத்தில் பார்த்தால் நடுவே படலத்தின் கோடு தெரியும். மற்றொரு வழி கடைக்காரரின் கையிலேயே இருக்கிறது. வன்கண்ணாடியை வைரமுனையால் கீறி அறுக்க முடியாது. ரூபர்ட் துளியின் வாலை ஒடித்ததுபோல் ஆகிவிடும். அளவுக்கு அறுத்து, துளையிட்டு, அதன்பிறகே சூளைக்கு அனுப்ப வேண்டும். கடையில் இருக்கும் பெரிய தகட்டிலிருந்து உங்கள் கண்ணெதிரே அளவாக அறுத்துக் கொடுத்து, "இது டஃபன்டு கிளாஸ்தான் தம்பி" என்று ஒருவர் சொன்னால், என்ன பதில் சொல்வது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.